அண்ணாச்சியின் பன்னிரண்டு படங்கள்

திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதம் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் அட்டவணை வெளியாகும் நாளில், எனக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு போன் வரும். "தம்பி, பேப்பர் பென்சில் பக்கத்துல இருக்கா?" என்று ஆரம்பிப்பார் அண்ணாச்சி. பேனா கூடாது, பென்சில்தான். விழா முடிவதற்குள் ஒவ்வொரு கட்டமும் குறைந்தது மூன்று தடவை அழிக்கப்படும் என்பது பல வருட அனுபவத்தில் அவர் கண்ட உண்மை.

அண்ணாச்சி போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விழா வருவது கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற வாரத்தில். மார்கழியில் கல்யாணம் கிடையாது. குமரி மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அவர்கள் வீடுகளிலும் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. ஆக, இரண்டு மதங்களும் சேர்ந்து அண்ணாச்சிக்கு விழா பார்க்க லீவு கொடுத்திருக்கின்றன. அப்படியும் முழு லீவு அல்ல. காலையில் கடையைத் திறந்து, அவசரமாகப் போட்டோ கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடசேரியில் பஸ் ஏறித் தம்பானூரில் இறங்கும்போது உச்சிவேளை ஆகிவிடும். மதியக் காட்சி, மூன்று மணிக் காட்சி, மாலைக் காட்சி. அது முடிந்ததும் மறுபடி பஸ். வீட்டில் ராத்தங்க அனுமதி இல்லை. இப்படி நாலு நாள். நாலு மூன்று பன்னிரண்டு.

ஒரு வருடத்தில் பன்னிரண்டு படங்கள். விழாவில் இருப்பதோ சுமார் 175. பதினைந்து தியேட்டர்கள், எட்டு நாட்கள், நாளைக்கு ஐந்து காட்சிகள். என்னைப்போல் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, சாப்பாட்டை மறந்து ஓடுகிறவனே முப்பது படம் பார்த்தால் அதிகம். முதல் நாளில் ஐந்து பார்க்கலாம். மூன்றாம் நாள் ஐந்தாவது படத்தில் ஈரானிய அப்பாவும் அர்ஜென்டினா அம்மாவும் ஒரே குடும்பமாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் 145 படங்களைத் தவறவிடப் போகிறோம். எதைப் பார்ப்பது என்று திட்டமிடுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் எதைக் கைவிடுவது என்றுதான் அந்த அட்டவணையின் முன்னால் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். முப்பது கட்டம் வைத்திருக்கிறவனுக்கு இது பொழுதுபோக்கு. பன்னிரண்டு கட்டம் வைத்திருக்கிறவருக்கு அப்படி அல்ல.

இதில் உதவுவதற்கென்று விழாக் கையேடு ஒன்று உண்டு. எல்லா ஊர் விழாக்களிலும் இந்தக் கையேடுகளை ஒரே ஆள்தான் எழுதுகிறாரோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். தொலைதூரக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு முதியவரின் அமைதியான வாழ்க்கை, எதிர்பாராத ஒருவரின் வருகையால் மாறுகிறது. இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஐம்பது படங்களைச் சொல்லிவிடலாம். ஐம்பதில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கிழவி, ஒரு கிராமம், வரப்போகும் ஓர் அணை என்று கையேட்டில் படித்தால் யார் போவார்கள்? லெசோத்தோ என்ற குட்டி நாட்டிலிருந்து வந்த 'திஸ் இஸ் நாட் எ பரியல், இட்ஸ் எ ரெசரக்ஷன்' அந்தக் கதைதான். மகனையும் பறிகொடுத்த எண்பது வயது விதவை, தன் ஆட்கள் புதைந்திருக்கும் இடுகாட்டை அணைத் தண்ணீருக்குக் கொடுக்க மறுக்கிறாள். 2021 பிப்ரவரியில், கொரோனா காரணமாகத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நாலு ஊர்களில் பிரித்து நடத்தப்பட்ட 25-வது விழாவில் அதுதான் முதல் பரிசான சுவர்ண சகோரம் வாங்கியது. (சகோரம் என்றதும் நிலவைக் குடிக்கும் கற்பனைப் பறவை ஞாபகம் வரும். இந்த விழாவின் சகோரம் நம்ம ஊர்ச் செம்போத்து.)

கையேடு கைவிட்டால் பெரும்பாலோர் பெயர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். கானில் பரிசு பெற்றது, வெனிஸில் பரிசு பெற்றது, போன வருடம் கலக்கியவரின் புதுப் படம். அண்ணாச்சியின் முறை இதற்கு நேர் எதிர். முதல் சுற்றில் அவர் பென்சில் எடுப்பதே இந்தப் பெயர்களை வெட்டுவதற்குத்தான்.

"பேர் தெரிஞ்ச படத்தையெல்லாம் மொதல்ல வெட்டுங்க தம்பி. அதுக்கு வழி தெரியும். எப்படியாவது நம்ம வீட்டுக்கு வந்து சேர்ந்துரும். வழி தெரியாத படம்தான் இங்க மட்டும் வரும், பாத்துக்கிடுங்க."

இதை அவர் சொல்ல ஆரம்பித்தபோது வீட்டுக்கு வருவதென்றால் டிவிடி. இப்போது செல்போன். கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம் சில மாதங்களில் ஏதாவது ஒரு தளத்தில் சந்தாக்காரர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. பொலிவியாக்காரர் ஒருவரின் முதல் படத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் அண்ணாச்சி இரண்டாவது சுற்றில் நேராகப் போட்டிப் பிரிவுக்குப் போவார். கேரள விழாவின் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் படங்களுக்கு மட்டுமே. பதினான்கு படங்கள், அவற்றில் இரண்டு மலையாளம். பெரும்பாலும் முதல் படமோ இரண்டாவது படமோ எடுத்தவர்கள். வாயில் நுழையாத பெயர்கள். அண்ணாச்சிக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாவது சுற்று, பூகோளம். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. விழாவின் தலைமையிடமான டாகூர் தியேட்டர் வழுதக்காட்டில். கலாபவனும் அங்கேதான். கனகக்குன்றில் திறந்தவெளி நிசாகந்தி. மூன்று மணிப் படம் கைரளியில், ஆறு மணிப் படம் டாகூரில் என்று போட்டுக்கொண்டால் நடுவே ஓர் ஆட்டோ, ஓர் ஏற்றம், ஒரு வரிசை இருக்கிறது. படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கடிகாரம் பார்த்தே கழிக்க வேண்டும். "படம் முடிஞ்சு பேர் ஓடும்போது உக்காந்திருக்க முடியலேன்னா அந்தப் படத்துக்கு ஏன் போகணும்?" என்பார் அண்ணாச்சி. அவருடைய பன்னிரண்டில் எட்டாவது தம்பானூரைச் சுற்றியே இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான் 2022 டிசம்பரில் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அது 27-வது விழா. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி மம்மூட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு மலையாளி, பயணத்தில் கண்ணயர்ந்து எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் அந்த வீட்டு ஆளாகவே போய் உட்கார்ந்துகொள்கிறான். பாதிப் படம் தமிழ் பேசுகிறது. சென்னையிலிருந்து வந்த உதவி இயக்குநர்கள் எல்லோரும் அந்த ஒரு படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் டாகூர் தியேட்டரில் நடத்திய போராட்டம் போலீஸ் வழக்குவரை போனது, பத்திரிகைகளில் வந்த செய்தி. எனக்கு முன்பதிவு இருந்தது. இருந்தும் பயம். எதற்கும் முன்னாலேயே போய் நிற்போம் என்று இரண்டு மணி நேரம் முன்பாகப் போய் நின்றேன். அதற்காக வேறொரு தியேட்டரில் அந்த நேரத்துக்குக் குறித்து வைத்திருந்த ஒரு படத்தை அழித்தேன். பொலிவியப் படம். 'உதாமா' என்று பெயர். என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, தொலைதூரக் கிராமம், முதியவர், எதிர்பாராத வருகை என்று நினைத்துக்கொண்டேன்.

மம்மூட்டி படம் நன்றாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசும் அதற்கே கிடைத்தது. ஆனால் அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், அது தியேட்டர்களுக்கு வந்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. என் மைத்துனன் வீட்டு ஹாலில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான்.

விழாவில் சுவர்ண சகோரம் 'உதாமா'வுக்கு. பரிசு வென்ற படத்தை நிறைவு நாள் மாலையில் திரையிடுவது வழக்கம். அந்த நேரத்தில் நான் சென்னை ரயிலில் இருந்தேன்.

படத்தை நான் அண்ணாச்சி வாயால்தான் பார்த்தேன். இரண்டு நாள் முன்பு தம்பானூரில் ஒரு டீக்கடையில், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அவர் சொன்னார். ஆண்டிஸ் மலைமேல் மழை பொய்த்துப்போன ஒரு மேட்டுநிலம். ஒரு கிழவனும் கிழவியும். கொஞ்சம் லாமா ஆடுகள், அவற்றின் காதில் இளஞ்சிவப்பு ரிப்பன். கிழவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். கிழவி தண்ணீர் எடுக்கப் போகிறாள். கிணறு வற்ற வற்ற அவள் நடக்கும் தூரம் கூடுகிறது. நகரத்திலிருந்து பேரன் வருகிறான், கிளம்பி வாருங்கள் என்கிறான். தாத்தா பேசுவது கெச்சுவா, பேரனுக்கு வசப்பட்டது ஸ்பானிஷ்.

"கெழவனுக்கு இருமல் தம்பி. நெஞ்சுல ஏதோ. பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கான். ரெண்டு பேரும் ஒரே அறையிலதான் படுக்காங்க. எங்கே மறைக்க? அவளுக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியும்கிறது அவனுக்கும் தெரியுது. ஒரு பேச்சு கிடையாது."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சூரியன் உதிக்கிற திசை நோக்கிக் கிழவன் நடக்கும் ஒரு காட்சி. நாற்பது வருடமாக மாப்பிள்ளை பெண்ணின் முகத்தில் விளக்கைப் போட்டுப் போட்டே பழகிய எனக்கு, வெளிச்சத்துக்கு எதிரே காமிராவை வைத்தும் ஒரு முகத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை என்றார். படத்தை எடுத்த அலெஹாந்த்ரோ லோய்சா கிரிசி முதலில் போட்டோகிராபராக இருந்தவர், இது அவருடைய முதல் படம், கிழவன் கிழவியாக வருகிறவர்கள் நடிகர்களே அல்ல, நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவி என்பதையெல்லாம் நான் பிறகு படித்து அவருக்குப் போனில் சொன்னேன். "போட்டோக்காரனா? அதான பாத்தேன்" என்றார். முடிவை மட்டும் அவர் சொல்லவில்லை. "நீங்க பாக்கும்போது பாத்துக்கிடுங்க." எனக்கு இன்னும் அந்தப் படம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அண்ணாச்சியின் முறை முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். பழைய பெரிய படங்களையும் அவர் 'பேர் தெரிஞ்ச படம்' கணக்கில் வெட்டிவிடுவார். இதில் எங்களுக்குள் வருடா வருடம் சண்டை. அதே 2022 விழாவில் ஹங்கேரி இயக்குநர் பேலா டாருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்து, அவருடைய படங்களையும் போட்டார்கள். 'தி டூரின் ஹார்ஸ்' 2011-ல் வந்தது. செல்போனில் பார்க்க முடியாத படமில்லை. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் மொத்தமே முப்பது ஷாட். ஓர் அப்பா, ஒரு மகள், ஒரு குதிரை, தினமும் வெந்த உருளைக்கிழங்கு, வெளியே ஓயாத காற்று. அந்தக் காற்றைக் கைக்குள் அடங்கும் போனில் கேட்க முடியாது. ஓட்டிவிடத் தோன்றும், ஓட்டிவிடலாம் என்ற வசதி இருந்தாலே அந்தப் படம் செத்துவிடும். இருட்டில், எழுந்து போக வெட்கப்பட்டுக்கொண்டு, நானூறு பேரோடு உட்கார்ந்திருந்தால்தான் மூன்றாவது உருளைக்கிழங்கில் வயிற்றை என்னவோ செய்யும். இதையெல்லாம் சொல்லி அண்ணாச்சியின் பன்னிரண்டில் ஒன்றைப் பிடுங்கி அவரை அதற்கு அழைத்துப் போனேன். நடுவில் தூங்கிவிட்டார். வெளியே வந்து சொன்னார்: "முழிச்சுப் பாத்தேன் தம்பி. காத்து இன்னும் அடிச்சிட்டுதான் இருந்துச்சு." அது புகாரா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு வருடம் கழித்துக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குதிரையைப் பற்றி அவராகவே கேட்டார்.

பெரிய பெயர் என்பதும் நிரந்தரமான சங்கதி அல்ல. கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013-ல் இந்த விழாவுக்கு நேரில் வந்தபோது ஊரே அவர் பின்னால் போனது. அவர் சாலையில் நடந்தால் கூட்டம் கூடியது. அவர் நாட்டிலேயே அவருக்கு இல்லாத புகழ். அந்தப் புகழை விளம்பரம் எதுவும் உண்டாக்கவில்லை. பெயரை யாரும் கேள்விப்படாத ஒரு வருடத்தில் சிலர் தற்செயலாக அவர் படத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து டீக்கடையில் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2018-ல் அவரோடு வேலை செய்த பெண்கள் பாலியல் வன்முறைப் புகார்களைச் சொன்ன பிறகு அந்தப் பெயர் வேறொரு பெயராகிவிட்டது. 2020 டிசம்பரில் அவர் இறந்தார். கூட்டம் இப்போது வேறு பெயர்களுக்குப் பின்னால் ஓடுகிறது.

அந்தத் தற்செயல் இந்த ஊரில் சும்மா நடந்ததல்ல. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் சித்ரலேகா பிலிம் சொசைட்டியை ஆரம்பித்ததும், அதைத் தொடர்ந்து சின்னச் சின்ன ஊர்களிலெல்லாம் பிலிம் சொசைட்டிகள் முளைத்ததும் பலருக்குத் தெரிந்த கதை. 'அக்ரஹாரத்தில் கழுதை'யை 1977-ல் தமிழில் எடுத்த ஜான் ஆபிரகாம், ஒடேசா என்ற அமைப்பின் நண்பர்களோடு ஊர் ஊராகச் சாப்ளின் படத்தைக் காட்டி ஜனங்களிடம் காசு வசூலித்து 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். இந்த விழா 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கியபோது அதற்கான ரசிகர் கூட்டம் முப்பது வருடமாகத் தயாராகிக் காத்திருந்தது. 1956 நவம்பர் 1 வரை அண்ணாச்சியின் ஊரும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். அப்பா காலத்திலிருந்தே அவர்களுக்குச் சினிமா பார்க்கத் 'திருவந்தரம்' போவது பழக்கம். எல்லை நடுவில் வந்தது.

ஒரு படத்தைப் பிடிப்பதும் தவறவிடுவதும் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் ஆரம்பித்து, பிறகு சென்னை, டெல்லி, கல்கத்தா என்று போனது. டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அதில் வந்தது. பிமல் ராய் அதைப் பார்த்தார். அடுத்த வருடம் 'தோ பீகா ஜமீன்' வந்தது. பிமல் ராய்க்கு அன்று வேறு ஜோலி இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

சில படங்களை நமக்கு முன்பே வேறொருவர் வெட்டிவிடுவதும் உண்டு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். பெரும்பாலும் கேள்வியில்லாமல் கிடைக்கும் விலக்கு சில சமயம் கிடைக்காது. 2017 ஜூனில் இதே திருவனந்தபுரத்தில் நடந்த ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று ரோஹித் வெமுலாவைப் பற்றியது, ஒன்று காஷ்மீர், ஒன்று ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அதே ஆண்டு நவம்பரில் கோவா விழாவில் நடுவர் குழு தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்து சனல்குமார் சசிதரனின் 'எஸ் துர்கா'வும் ரவி ஜாதவின் மராத்திப் படமான 'நியூட்'டும் நீக்கப்பட்டன. நடுவர் குழுத் தலைவர் சுஜய் கோஷ் விலகினார். கேரள உயர் நீதிமன்றம் காட்டச் சொல்லியும் 'எஸ் துர்கா' கோவாவில் காட்டப்படவில்லை. ராட்டர்டாமில் அந்தப் படம் அதே வருடம் டைகர் விருது வாங்கியிருந்தது.

அட்டவணையில் இருந்து காணாமல் போகிற எல்லாப் படத்துக்கும் இப்படி அரசியல் காரணம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு பிலிம் பெட்டி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளும். இப்போது படம் ஹார்டு டிஸ்க்கில் பூட்டிய பெட்டகமாக வருகிறது. அதற்கு ஒரு டிஜிட்டல் சாவி. குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே திறக்கும். சாவி தப்பாக வந்தால் படம் இல்லை. வேறு படம் போடுவார்கள், அல்லது ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பென்சிலின் அவசியம் இப்போது புரியும்.

முன்பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாளே செல்போனில் இடம் பிடிக்க வேண்டும். பேசப்படுகிற படங்களின் இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். பத்தாயிரத்துக்கு மேல் டெலிகேட்டுகள் வருகிற விழாவில் இது தவிர்க்க முடியாத ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய நாட்களில் தள்ளுமுள்ளுவில் பலசாலிக்கே இடம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முதல் நாளே பதிகிறவன், ஏற்கனவே தெரிந்த பெயரைத்தான் பதிவான். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் "அதை விடுங்கள், ஸ்ரீயில் ஒரு மங்கோலியப் படம் இருக்கிறது" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப்போகும் காரியம் குறைந்துவிட்டது. முன்பதிவு செய்யாதவர்களுக்கான வரிசை என்று ஒன்று வைத்திருக்கும் வரை விழாவுக்கு உயிர் இருக்கும் என்பது என் கட்சி. அந்த வரிசை எத்தனை நீளமானாலும் அதை எடுத்துவிடக் கூடாது.

அண்ணாச்சிக்கு செல்போன் பதிவு கைவரவில்லை. நாகர்கோவிலிலிருந்து மகள் போட்டுக் கொடுக்கிறாள். "அப்பா, இந்தப் படத்துக்கு எல்லா சீட்டும் காலியா கிடக்கு, இதுக்கா போறீங்க?" என்று அவள் கேட்பாளாம். "காலியா கிடக்கா? அப்ப ரெண்டு போடு, தம்பிக்கும் சேர்த்து" என்பாராம் இவர்.

பெரும்பாலான படங்களுக்கு இரண்டு மூன்று காட்சிகள் உண்டு என்பதுதான் அவருடைய கடைசிச் சூத்திரம். முதல் இரண்டு நாளுக்கான ஆறு கட்டங்களை மட்டும் நிரப்புவார், யாரும் பேசாத படங்களாகப் பார்த்து. பிந்திய இரண்டு நாளின் ஆறு கட்டங்களைக் காலியாக விட்டுவிடுவார். அதற்குள் வரிசைகளிலும் டீக்கடைகளிலும் பேச்சு கிளம்பிவிடும். எது நல்ல படம் என்று பரிசுக் குழுவுக்கு முன்பே ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருக்கும். அப்போது மறுகாட்சி எங்கே என்று பார்த்துக் கட்டத்தை நிரப்புவார். நானும் போன தடவை இதைச் செய்து பார்த்தேன். முப்பது கட்டத்தில் பத்தைக் காலியாக விட்டேன். கை நடுங்கத்தான் செய்தது. மூன்றாம் நாளே நாலு கட்டத்தைப் பயத்தில் பெரிய பெயர்களால் நிரப்பிவிட்டேன்.

அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன். "சரி, அந்த நாலுல எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "மீதி ஆறுல?" நாலு என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கடையில் யாரோ பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்தார்கள் போலிருக்கிறது. நாடியைக் கொஞ்சம் தூக்குங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.